தலைவர் எழுதிக் கொடுத்த கடிதம்

தொழிற்சங்க அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஷிப்டுக்குப் போகிறவர்களும் முடிந்து வருகிறவர்களும் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்துப் படித்தார்கள். 'தலைவர் முனிராஜ் அவர்களைப் பதவியிலிருந்து நீக்கக் கோரும் தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு. ஞாயிறு காலை பத்து மணி, பாகலூர் சாலை கல்யாண மண்டபம். உறுப்பினர்கள் அடையாள அட்டையுடன் வரவும்.' அதற்குக் கீழே காரணம் என்று ஒரே வரி: 'ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருடன் தகாத தொடர்பு வைத்திருந்தது.'

அந்த ஒருவர் மாதேஸ்வரி. பெயர் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. அவள் கேட்டுக்குள் நுழைந்ததும் பலகை முன்னால் நின்ற கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டது. அப்படி வழி விட்டதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அவளுக்காக யாரும் அந்த இடத்தில் ஒதுங்கி நின்றதில்லை.

மாதேஸ்வரிக்கு முப்பத்தாறு வயது. சிங்காரப்பேட்டையில் பிறந்தவள். புருஷன் மைசூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட, மகள் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து, கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் சேர்ந்தாள். ஷிப்டு முழுக்க நின்றபடி கலர் கலரான ஒயர்களைப் பலகையில் வரிசை மாறாமல் இழுத்துக் கட்ட வேண்டும். ஒயர் மாறினால் வண்டி ஓடாது, ஆள் மாறினால் ஒன்றும் ஆகாது என்று சூப்பர்வைசர் அடிக்கடி சொல்லுவான். அவளைப்போல இருநூற்றுச் சொச்சம் பேர் அங்கே ஒப்பந்தத்தில் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குச் சங்கத்தில் உறுப்பினர் அட்டை கிடையாது, ஓட்டு கிடையாது.

முனிராஜ் ஜவளகிரிக்காரர். மெஷின் ஷாப்பில் நிரந்தரத் தொழிலாளி. பதினொரு வருஷமாகச் சங்கத் தலைவர். ஒயர் லைனில் கக்கூசுக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தபோது, மேனேஜர் அறை வாசலில் அரை நாள் தரையில் உட்கார்ந்து அதை எடுக்க வைத்தவர் அவர்தான். அன்றைக்கு மாதேஸ்வரி அவரிடம் கேட்டாள், "நாங்க உங்க சங்கத்துக்குச் சந்தா கூடக் கட்டறதில்லயேண்ணா, எங்களுக்காக எதுக்கு?" அவர் சிரித்துவிட்டு, "சந்தா கட்டுனாத்தான் ஒண்ணுக்கு வருமா?" என்றார். லைனே சிரித்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கும் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

அது அப்படித்தான் தொடங்கியது. ரெண்டு வருஷம். ஓசூரில் அவரைத் தெரியாத டீக்கடை இல்லை என்பதால், பஸ் ஏறி எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போவார்கள். கர்நாடகத்துக்குள் கால் வைத்துவிட்டால் இருவரும் யாரோ. அங்கே ஒரு பேக்கரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கையை அவர் பிடித்திருந்தபோது யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். எடுத்தது நிர்வாகத்தின் ஆள் என்றார்கள், சங்கத்துக்குள்ளேயே ஒருத்தன் என்றும் சொன்னார்கள். யார் எடுத்தாலும் அது அத்தனை பேர் போனிலும் இருந்தது.

நேரம் பார்த்துத்தான் அது வெளியே வந்தது. எட்டு மாதமாக ஊதிய ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முனிராஜ் ஒற்றைக்காலில் நின்றார். நிர்வாகம் மசியவில்லை. நிரந்தரமானவர்களோ, யாருக்காகவோ நம் சம்பள உயர்வு நிற்கிறதே என்று முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த முணுமுணுப்பைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தவர் செயலாளர் சுபாஷ். அவர் கையில் போட்டோவும் கிடைத்ததும் தீர்மானம் தயாராகிவிட்டது.

பலகையைப் பார்த்துவிட்டு மாதேஸ்வரி லைனுக்குப் போய் நின்றாள். முனிராஜுக்கு ஐந்தாறு தடவை போன் போட்டிருந்தாள், எடுக்கவில்லை. தேநீர் இடைவேளையில் பக்கத்துப் பலகைக்காரி ரூபா அவளைக் கை பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தினாள். ரூபாவும் ஒப்பந்தம்தான். ஆறு வருஷமும் சோற்று டப்பாவைப் பகிர்ந்து தின்றவள்.

"தலைவர் செயற்குழுவுக்குக் கடுதாசி எழுதிக் குடுத்துக்கிறாரு. குரூப்புல வந்துருக்குது. படிக்கட்டுமா?"

"படி."

ரூபா போனை முகத்தருகே வைத்துக்கொண்டு தணிந்த குரலில் படித்தாள். "'எனக்கும் அந்தப் பெண்மணிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. தன்னை நிரந்தரப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவர் என்னைப் பலமுறை பின்தொடர்ந்து தொந்தரவு செய்தார். அன்றும் அப்படி வந்து என் கையைப் பிடித்தபோது இந்தப் படம் எடுக்கப்பட்டுள்ளது. இது நிர்வாகத்தின் சதி.'"

மாதேஸ்வரி போனை வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். கடிதத்தை அப்படியே படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். எழுத்து அவருடையதுதான். 'ர'வுக்குக் கீழே நீளமாகக் கோடு இழுப்பார்.

தொடர்பே இல்லை என்று மட்டும் அவர் எழுதியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பெண்டாட்டி இருக்கிறவர், பதவியில் இருக்கிறவர், வேறு என்ன எழுதுவார் என்று சமாதானம் ஆகியிருப்பாள். 'கையைப் பிடித்தபோது.' அந்த இடத்தைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். வேலை வேண்டும் என்று அவரிடம் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுவிடக்கூடாது என்பதற்காகவே அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் வேறு பேச்சு பேசியிருக்கிறாள்.

மறுநாள் மனிதவளத் துறை மேடம் கூப்பிட்டு அனுப்பினார். குளிரூட்டிய அறை, தண்ணீர் பாட்டில், கனிவான குரல். "உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீ பாதிக்கப்பட்டவ" என்று சொல்லி ஒரு புகார்த் தாளை நகர்த்தி வைத்தார். எல்லாம் ஏற்கெனவே டைப் அடித்து இருந்தது. தலைவர் என்ற அதிகாரத்தைக் காட்டி மிரட்டினார், மறுத்தால் வேலை போகும் என்றார், கட்டாயப்படுத்தி அத்திப்பள்ளிக்கு அழைத்துச் சென்றார்.

"மிரட்டலயே மேடம்."

"நீ பயத்துல சொல்ற. கையெழுத்துப் போட்டா உன்னக் காப்பாத்த வேண்டியது கம்பெனி பொறுப்பு. இதையும் பாரு." இரண்டாவது தாளை மேடம் எடுத்துக் காட்டினார். அவள் பெயருக்கு நிரந்தர வேலை ஆணை. தேதி மட்டும் போடவில்லை. "சனிக்கிழமைக்குள்ள சொல்லு."

அந்தத் தாளை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொய் இல்லை, ஆசைப்பட்டாள். அவர் அவள்மேல் அப்படி எழுதலாம், அவள் அவர்மேல் இப்படி எழுதக்கூடாதா என்று ஒரு குரல் உள்ளுக்குள் கேட்டது. இரண்டு தாளையும் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஜூஜூவாடியில் அவள் குடியிருந்தது வரிசை வீடுகளில் நாலாவது. அன்று சாயங்காலம் சிங்காரப்பேட்டையிலிருந்து அண்ணன் போன் செய்தான். "பங்குனி திருவிழாவுக்கு வரேன்னு சொன்னல்ல, வர வேணாம். எம் பொண்ணுக்கு எடம் பாத்துக்கினு இருக்கறேன்" என்றான். அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். தர்ஷினி பதினொன்றாம் வகுப்பு. போட்டோ அவள் வகுப்புப் பிள்ளைகளின் போனுக்கும் வந்திருந்தது. இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், அண்ணன் பேச்சு முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"ம்மா, ஒண்ணு மட்டும் சொல்லு. அவுரு எழுதுன மாதிரி வேலைக்காவ நீதான் பின்னால சுத்துனியா?"

"இல்ல பாப்பா."

"அப்ப ரெண்டு பேருந்தானே. ஏன் உன்னய மட்டும் பேசறாங்க?"

மாதேஸ்வரி அடுப்புப் பக்கம் எழுந்து போனாள். மகள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் மேடத்தைப் பார்க்கப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கி வந்த பெண்ணை மாதேஸ்வரி அதற்குமுன் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் யாரென்று உடனே தெரிந்துவிட்டது. முனிராஜின் மனைவி நாராயணம்மா.

அடிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தாள். பக்கத்து வீட்டுக் கதவுகளெல்லாம் திறந்துகொண்டன. நாராயணம்மா உள்ளே வந்து, தானே கதவைச் சாத்தினாள். தரையில் உட்கார்ந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். தமிழ் அந்த இழுப்போடு வந்தது.

"சண்டைக்கு வரலம்மா. அவரு நாலு நாளா சோறு முட்டல, ஒரு பருக்கை வாயில வைக்கல. கிணத்து மேட்டுல போயி உக்காந்துக்கிறாரு. எந்திரிச்சுப் போயிப் போயிப் பாக்கறேன். எனக்கு உசிரே இல்ல." முந்தானை முடிச்சிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். "இதுல ஒரு கையெழுத்து. அவரு கடுதாசியில எழுதுனது நெசம்னு. வேலைக்காவ நான்தான் போனேன்னு. நீ போட்டா அவரு பதவியில நிப்பாரு. அவரு நின்னா உன்ன மாதிரி இருநூறு பேருக்கு வேலை நெலைக்கும்."

"அக்கா, நெசம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நாராயணம்மா தாளைத் தரையில் வைத்தாள். "ரெண்டு வருசமா தெரியும். அத்திப்பள்ளிக்குப் போற அன்னிக்கெல்லாம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்ததே நான்தான்."

மாதேஸ்வரி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டாள். இப்போது அடக்க முடியவில்லை. இரண்டு பெண்களும் ஒரே அறையில், ஒருத்தியை ஒருத்தி தொடாமல் அழுதார்கள். உள்ளே படுத்திருந்த தர்ஷினி எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

அந்தப் பெண்ணைப் பார்த்ததும் நாராயணம்மா தாளை மடித்துவிட்டாள். "இத்தனாம் பெரிய பொண்ணு இருக்குதா உனக்கு? அவரு சொல்லவே இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். ஆனாலும் தாளை எடுத்துக்கொண்டு போகவில்லை. டம்ளருக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து வாசலில் உறுப்பினர் அட்டை பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். ரூபாவும் இன்னும் முப்பது நாற்பது ஒப்பந்தப் பெண்களும் ரோட்டோரம் நின்றார்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் அவர்கள் தலைவிதி உள்ளேதான் முடிவாகப் போகிறது. மாதேஸ்வரி வருவதைப் பார்த்து ரூபா ஓடி வந்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"எதுலயும் போடல."

"மாதேசு, உன் காலப் புடிச்சுக் கேக்கறேன், இன்னிக்கு ஒரு நாளு வாயத் தொறக்காத. அவரு எப்படியோ ஜெயிச்சுட்டா நாம பொழைச்சோம்."

வாசலில் நின்ற சுபாஷ் அவளைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கண்டு அவளுக்கே கூசியது. "உள்ள வாம்மா. உனக்கு நடந்ததச் சொல்லு. யாரும் தடுக்க மாட்டாங்க" என்று அவரே கூட்டிக்கொண்டு போய் ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

மேடையில் முனிராஜ் பேசிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆனால் குரல் பழைய குரல். பதினொரு வருஷத்தில் என்னென்ன வாங்கிக் கொடுத்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எட்டு மாதமாகத் தன்னை வளைக்க முடியாத நிர்வாகம் கடைசியில் ஒரு பொம்பளையை அனுப்பிவைத்திருக்கிறது என்றார். சட்டென்று கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில், அவர் கூடவே வந்திருந்த நாராயணம்மா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அவர் ஜெயித்துவிடுவார் என்று மாதேஸ்வரிக்குத் தெரிந்தது. ஜெயிக்கட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் 'அனுப்பிவைத்த பொம்பளை' என்ற சொல் காதிலேயே நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மகளின் முதுகு கண்முன் வந்தது. எழுந்து மேடைக்குப் போய் மைக்கைக் கேட்டாள்.

கூச்சல் எழுந்தது. "மெம்பர் இல்லாத ஆளு எப்படிப் பேசலாம்?" என்று சிலர் கத்தினார்கள். சுபாஷ் கையை உயர்த்தி அடக்கினார்.

"நான் மாதேஸ்வரி. ஒயர் லைனு." என்று தொடங்கினாள். "கம்பெனியில ஒரு பேப்பர் குடுத்தாங்க, இவரு என்னை மிரட்டினாருன்னு. கையெழுத்துப் போட்டா நிரந்தரம்னாங்க. நான் போடல. இவரு என்னை மிரட்டல. ஒரு நாளும் மிரட்டல."

சுபாஷின் முகம் மாறியது. அவள் நிறுத்தவில்லை.

"ரெண்டு வருசம் பழகுனோம். ரெண்டு பேரும் மனசறிஞ்சுதான். அது தப்புன்னு எனக்கும் தெரியும். ஆனா வேலை குடுன்னு நான் இவரு பின்னால போவல. நிரந்தரம் பண்ற பட்டியலு வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி இருக்குது. எடுத்துப் பாருங்க, எம் பேர முன்னால ஏத்தியிருக்குதான்னு." அவர் பக்கம் திரும்பினாள். "வேற ஒண்ணும் வேணாம். தொந்தரவு பண்ணேன்னு எழுதுனீங்களே, அதை மட்டும் இல்லன்னு சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

முனிராஜ் அவளைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் அவள் நம்பினாள். அத்தனை வருஷம் யாருக்கும் பயப்படாமல் பேசிய வாய். அவர் பார்வை அவளைத் தாண்டிக் கூட்டத்துக்குப் போனது. எண்ணுகிறவரைப்போல வரிசை வரிசையாகப் பார்த்தார். பிறகு மைக்கை இழுத்துக்கொண்டார்.

"தோழர்களே, இந்தம்மாவ யாரு அனுப்புனாங்கன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும்."

இந்த முறை கைதட்டல் வரவில்லை. முன்வரிசையில் நாராயணம்மா எழுந்து நின்றாள். "சாலு" என்றாள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அது கடைசி வரிசை வரை கேட்டது. "போதும். எறங்கி வாங்க." சொல்லிவிட்டு அவருக்காகக் காத்திராமல் வாசலைப் பார்த்து நடந்தாள்.

அதற்குப் பிறகும் வாக்கெடுப்பு நடந்தது. ஐந்நூற்றெழுபது பேரில் நானூற்றுக்கு மேல் அவரை நீக்கச் சொல்லிப் போட்டார்கள். போட்டவர்களில் பாதிப் பேருக்கு அத்திப்பள்ளி விஷயம் பெரிதாகவே பட்டிருக்காது. வெளியே வந்தபோது ஒருவர் சொன்னதை மாதேஸ்வரியே கேட்டாள்: "நேருக்கு நேரா நின்ன பொம்பளையவே விட்டுட்டாரு, நம்மள விட மாட்டாரா?" ரூபா அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

சுபாஷ் தலைவரானார். மூன்றாம் வாரமே ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. நிரந்தரமானவர்களுக்குச் சம்பள உயர்வு. ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை அடுத்த பேச்சுவார்த்தையில் பரிசீலிக்கப்படும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. அதற்குள்ளாகவே மாதேஸ்வரியின் கேட் பாஸ் வேலை செய்யாமல் போயிருந்தது. ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் அவளுக்குப் பதில் வேறு பெயர் அனுப்பிவிட்டார் என்று செக்யூரிட்டி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கடைசியாக ரூபாவிடமிருந்து ஒரு போன் வந்தது. "உன் நியாயம் உனக்குக் கெடைச்சுது. எங்க வயித்துல மண்ணு" என்றாள். அது உண்மையாகவே இருந்தது.

தளி ரோட்டில் ரோஜாப் பூ வளர்க்கும் பசுமைக்குடிலில் தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். போனாள். பிளாஸ்டிக் கூரைக்கடியில் புழுக்கம் தாங்காது. முள் குத்திக் குத்தி விரல் மரத்துப்போனது. இங்கேயும் யாருக்காவது தெரிந்திருக்குமோ என்று முதல் மாதம் முழுக்க முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டே வேலை செய்தாள். தர்ஷினி டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அம்மாவிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

ஆவணி மாதத்தில் ஒரு மதியம் ரூபா பசுமைக்குடிலுக்கே தேடிக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள்.

"எண்பது பேர நிறுத்திட்டாங்க மாதேசு. நானும் ஒருத்தி. சுபாஷு பாக்கக்கூட மாட்டேங்கறான்." ஒரு தாளை நீட்டினாள். "தலைவர் தொழிற்சங்கப் பதிவாளருகிட்ட மனு போடறாரு. உறுப்பினர் அல்லாத ஆளு பேசுனதால அந்தக் கூட்டம் செல்லாதுன்னு. நீ உறுப்பினர் இல்லன்னு உன் கையெழுத்து வேணுமாம். அவரு திரும்ப வந்தாத்தான் எங்களுக்கு வழி. வேற நாதி இல்ல."

"அவரு எங்க?"

"கேட்டுக்கு வெளில நிக்கறாரு. உன்னப் பாக்க மொகம் இல்லன்றாரு."

"வரச் சொல்லு."

முனிராஜ் வந்தார். மெஷின் ஷாப்பிலிருந்து அவரைக் குடோனுக்கு மாற்றியிருந்தார்கள். தலை பாதி நரைத்திருந்தது. அவள் தாளைப் படித்து முடிக்கும்வரை பூத்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'மாதேஸ்வரி என்பவர் சங்கத்துக்கு அந்நியர்' என்று எழுதியிருந்தது. ஆறு வருஷம் வேலை செய்தவள் அந்நியர். ஆனால் அதில் ஒரு பொய்கூட இல்லை.

"திரும்ப வந்தா இவங்களுக்காக நிப்பீங்களா?"

"நிப்பேன்." பூத்தொட்டிகளிலிருந்து பார்வையை எடுத்தார். "மாதேசு, அன்னிக்கு நான் எழுதுனது..."

"அதை மண்டபத்துல சொல்லியிருக்கணும்" என்றாள். கையில் ஈரம் இருந்ததால் சேலையில் துடைத்துக்கொண்டு, ரூபாவின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "நெசமா இருக்கறதால போடறேன். ரூபாவுக்காவப் போடறேன். இனிமே நீங்க எனக்குப் போன் பண்ணக்கூடாது."

அவர் தலையை ஆட்டினார். தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ரூபா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். சூப்பர்வைசர் அம்மா வரிசைக் கடைசியிலிருந்து குரல் கொடுத்தாள். பெங்களூர் வண்டி நான்கு மணிக்கு, இன்னும் பாதிப் பூ வெட்டவில்லை.

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மூன்று முறை தேதி தள்ளிப்போனது. நான்காவது விசாரணைக்கு மாதேஸ்வரியையே நேரில் வரச் சொல்லிக் கிருஷ்ணகிரிப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. எல்லார் முன்னாலும் மறுபடி அதையெல்லாம் சொல்ல வேண்டும். தபாலைப் பிரித்துப் படித்தவள் தர்ஷினி. நாள்காட்டியில் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு எனக்குப் பரீச்சை இல்ல. நானும் வரேன்" என்றாள்.